அடுத்த துறைமுகத்தில் ஏறுவார்

நான் சொன்ன பொய்களில் ஐந்து நாள் தொடர்ந்து சொன்னது ஒன்றுதான். ஒரு பழைய ஹொலிவூட் பேய்ப் படம் ஓடிக்கொண்டிருந்தபோது என் சின்னம்மாவிடம் அதைச் சொல்லத் தொடங்கினேன். எனக்கு அப்போது பத்து வயது.

புலம்பெயர்ந்து வந்த நாட்டில், வெக்ஸ்போர்ட் என்ற பகுதியில், ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடியில் நாங்கள் இருந்தோம். அப்பா விட்பி நகரில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்வந்தார். அம்மாவுக்கு முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. ஆறரை மணிக்கு முன்னர் இருவரும் வீடு வந்தது கிடையாது. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்தில் வீட்டில் இருப்பது அம்மாவின் தங்கை, என் சின்னம்மா. போர் முடிந்து இரண்டு வருடம் கழித்து மன்னாரிலிருந்து எங்களிடம் வந்து சேர்ந்தவர். காலையில் ஆங்கில வகுப்பு, பின்னேரம் சமையல், அதற்குப் பிறகு ஜன்னல். லோரன்ஸ் வீதியில் பஸ்கள் வந்து நிற்பதையும் ஆட்கள் இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

சின்னம்மாவின் கணவர், என் சித்தப்பாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். போர் முடிந்த நாளில் சனங்கள் எல்லாரும் வெளியே வந்தபோது சில ஆட்களைத் தனியாக வரச் சொன்னார்களாம். சித்தப்பாவும் போனாராம். அவர்களை ஒரு பஸ்ஸில் ஏற்றினார்களாம். அந்த பஸ் போனதுதான், அவர் இன்னும் வரவில்லை. எங்கள் வீட்டில் இந்தக் கதையை அதற்கு மேல் யாரும் சொல்வதில்லை. லோரன்ஸ் பஸ் பனிக்காலத்தில் முக்கால் மணி நேரம் பிந்தி வருவதைக் கண்டவள் நான். அதனால் ஊரிலுள்ள பஸ் மூன்று வருடம் பிந்துவதில் எனக்குப் பெரிய ஆச்சரியம் இருக்கவில்லை.

வீட்டுச் சட்டம் ஒன்று இருந்தது. சித்தப்பாவைப் பற்றிச் சின்னம்மா கேட்டால் “வருவார்” என்று சொல்ல வேண்டும். அம்மா என்னைக் குளியலறைக்குள் கூட்டிப்போய், தண்ணீரைத் திறந்துவிட்டு, இதைச் சொல்லித் தந்திருந்தார். வேறு எந்தச் சொல்லும் வாயிலிருந்து வரக்கூடாது என்றார். தண்ணீரை ஏன் திறந்துவிட்டார் என்று நான் கேட்கவில்லை. அது முக்கியமான சட்டம் என்பது மட்டும் விளங்கியது.

அந்த ஐப்பசியில் நூலகத்தில் ஹலோவீனுக்காகப் பேய்ப் படங்களை ஒரு தட்டில் அடுக்கி வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் பேய்ப் படங்களுக்கு அனுமதியில்லை. ஆனால் ஒன்றின் மட்டையில் கோட்டும் தொப்பியும் போட்ட ஓர் ஆணும், நீளக் கையுறை அணிந்த ஒரு பெண்ணும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். கறுப்பு வெள்ளை, நகைச்சுவை என்று போட்டிருந்தது. நகைச்சுவை என்பதைக் காட்டி அம்மாவிடம் அனுமதி வாங்கினேன்.

படம் இதுதான். கடற்கரையில் ஒரு விடுதி. அதை நடத்தும் புருஷனும் மனைவியும் பல்கனியில் நடனமாடும்போது பல்கனி உடைந்து விழுந்து இருவரும் செத்துப்போகிறார்கள். ஐந்தாவது நிமிடத்திலேயே இது முடிந்துவிடும். பிறகு எழுந்து, உடுப்பில் பட்ட தூசியைத் தட்டிக்கொண்டு, முற்றத்தில் ஏன் இவ்வளவு கூட்டம் என்று எட்டிப் பார்க்கிறார்கள். அந்த விடுதிக்குப் பியானோ திருத்த வரும் கூச்ச சுபாவமுள்ள ஒருவனின் கண்ணுக்கு மட்டும்தான் அவர்கள் தெரிவார்கள். புருஷனுக்கு மற்றவர்களின் சூப்பைக் குடிக்கும் பழக்கம். கரண்டி தானாக எழும்பித் தானாகப் போகும்.

சின்னம்மாவுக்கு இந்த ஆங்கிலம் பிடிபடாது. நான்தான் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டு போனேன். முதலில் “பேய்” என்றேன். சின்னம்மா சிலுவை அடையாளம் போட்டார். வேறு சொல் தேடினேன். ஆவி என்ற சொல் தெரியும், ஆனால் பூசையில் கேட்டதைத் தவிர வேறு ஆவி எனக்குத் தெரியாது. “பரிசுத்த ஆவி மாதிரி, ஆனா பரிசுத்தம் இல்லை” என்றேன்.

சின்னம்மா சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, நிறுத்த முடியாமல் சிரித்தார். எங்களிடம் வந்து ஒரு வருடத்துக்கு மேலாகியும் நான் அவர் சிரித்துக் கண்டதில்லை. அதன் பிறகு சூப் குடிக்கும் இடத்தை நான்கு தரம் திருப்பிப் போட வேண்டியிருந்தது.

“உந்த மனிசன்ர நடையைப் பார்” என்றார் ஒருமுறை. “உங்கட சித்தப்பாவும் உப்பிடித்தான். ஒரு தோள் முன்னுக்குப் போகும், ஆள் பின்னால வரும்.”

நான் “வருவார்” என்றேன். சட்டம் அதுதானே.

அந்தக் கிழமை அம்மா தொலைபேசியில் யாரிடமோ, “இப்ப கொஞ்சம் சிரிக்கிறாள். சின்னவள் ஏதோ படம் காட்டுறாள்” என்று சொல்லக் கேட்டேன். பிறகு என் தலையைத் தடவி, இன்னும் இப்படி ஒன்று இருந்தால் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். எனக்கு ஓர் உத்தியோகம் கிடைத்தது போல இருந்தது. நூலகத்தில் கேட்டேன். அதே படத்துக்கு இரண்டாம் பாகம் இருக்கிறதென்றும் வேறொரு கிளையிலிருந்து வரவழைக்க வேண்டுமென்றும் சொன்னார்கள். இரண்டு கிழமையில் வந்தது.

மட்டையில் ஒரு கப்பல், கையுறைப் பெண், பியானோ திருத்துபவன். புருஷனைக் காணவில்லை. பேய் என்றால் கண்ணுக்குத் தெரியாதுதானே என்று நினைத்துக்கொண்டு, பெருமையோடு அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அதற்கு முந்திய நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் ஒரு சண்டை நடந்திருந்தது. சண்டை என்றால் சத்தமில்லாத சண்டை. கார்த்திகை மாதம் ஆத்துமாக்களின் மாதம். எங்கள் தமிழ்ப் பூசையில், இறந்துபோனவர்களின் பெயர்களை ஒவ்வொரு குடும்பமும் எழுதிக் கொடுத்தால் பூசை வைக்கும் சுவாமி பீடத்தில் வைத்து வாசிப்பார். அம்மா சாப்பாட்டு மேசையில் தாளை வைத்து அம்மப்பா, அம்மம்மா, அப்பாவின் தமையன் என்று எழுதிக்கொண்டு வந்தார். பிறகு பேனையை எடுக்காமல் நிமிர்ந்து பார்த்தார்.

“நான் அவர் வரமாட்டார் எண்டு சொல்லேல்லை. வருவார். ஆனா ஒரு பூசை ஒப்புக்குடுத்தா அது வீண் போகாது தானே. மூண்டு வருசம்.”

“செத்த ஆக்களின்ர லிஸ்டில உயிரோட இருக்கிறவரைப் போடுவினமோ, அக்கா?” என்றார் சின்னம்மா. பாதிச் சோற்றோடு எழுந்து கையைக் கழுவிக்கொண்டு ஜன்னலடிக்குப் போனார். அப்பா குழம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா தாளை மடித்துக் குளிர்சாதனப்பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டி வைத்தார். அடுத்த ஞாயிறுதான் பூசை. இன்னும் ஏழு நாள் இருந்தது.

இந்த நிலையில்தான் திங்கட்கிழமை பின்னேரம் நாங்கள் இரண்டாம் பாகத்தைப் போட்டோம்.

தினமும் இருபது, இருபத்தைந்து நிமிடம்தான் பார்ப்போம். அதற்குள் சின்னம்மா மடியில் தட்டை வைத்துப் பயற்றங்காய் முறித்து முடித்துவிடுவார். அன்று படம் தொடங்கிப் பெயர்கள் ஓடும்போது நான் குசினியில் பால் சூடாக்கிக்கொண்டிருந்தேன். வந்து உட்கார்ந்தபோது கப்பல் புறப்படத் தயாராக நின்றது. பியானோ திருத்துபவன் பெட்டியோடு ஏறுகிறான். படிக்கட்டில் அந்தப் பெண் இறங்கி வருகிறாள். தனியாக வருகிறாள். அவன் கேட்கிறான், உன் புருஷன் எங்கே என்று. அவள் கையுறையை இழுத்துச் சரிசெய்தபடி சொல்கிறாள்: அவரை மேலே, மோட்சத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், இனிக் கீழே வரமாட்டார், தொப்பியைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

அவள் அதை விளையாட்டாகச் சொன்னாள். அந்தக் காலத்துப் படங்களில் எல்லாவற்றையும் விளையாட்டாகத்தான் சொல்வார்கள்.

“என்னவாம்?” என்றார் சின்னம்மா. கையில் பயற்றங்காய் முறிபடாமல் இருந்தது. “எங்கயாம் அந்த மனிசன்?”

நான் ரிமோட்டைப் பார்த்தேன். “பிந்திப் போனாராம். அடுத்த ஹாபர்ல ஏறுவாராம்.”

“ஹாபரோ? துறைமுகம் எண்டு சொல்லு.”

“அடுத்த துறைமுகத்தில ஏறுவாராம்.”

சின்னம்மா தலையாட்டினார். பயற்றங்காய் முறியும் சத்தம் திரும்பக் கேட்டது. நான் தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். ஒரு சின்ன ஆறுதலுக்காகக் கப்பலுக்குள் ஓர் ஆளை வரவழைத்துவிட்டேன் என்பதும், இனி அவரை எப்படியாவது ஏற்ற வேண்டிய பொறுப்பு என்னுடையது என்பதும் இரவு சாப்பாட்டின்போதுதான் எனக்கு உறைத்தது. சோற்றை அளைந்துகொண்டிருந்தேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அந்த நடிகன் ஏன் வரவில்லை என்பதைப் பல வருடங்களின் பின்னர் வாசித்தேன். முதல் படத்தோடு அவன் பெரிய நட்சத்திரமாகிவிட்டான். இரண்டாவதற்கு அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் காரணம். கதை எழுதியவர்கள் ஒரே ஒரு வசனத்தில் அவனை மேலே அனுப்பிவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

செவ்வாய்க்கிழமை முதல் துறைமுகம் வந்தது. சங்கு ஊதியது, பலகைப் பாலத்தைப் போட்டார்கள், ஆட்கள் வரிசையாக ஏறினார்கள். சின்னம்மா தட்டை நிலத்தில் வைத்துவிட்டு முன்னுக்குச் சாய்ந்தார். குடை பிடித்த கிழவர், இரண்டு கன்னியாஸ்திரிகள், ஒரு நாயோடு ஒரு சீமாட்டி. தொப்பி போட்ட ஒவ்வொருவனும் பாலத்தில் கால் வைக்கும்போது நான் முகத்தைத் தேடினேன். அவனாக இருக்கட்டும் என்று நானே வேண்டிக்கொண்டேன். எழுதி எடுத்து எத்தனையோ வருடமான படம் எனக்காக மாறிவிடும் என்று அந்த இரண்டு நிமிடம் உண்மையாகவே நம்பினேன். பாலத்தைத் தூக்கிவிட்டார்கள்.

“இதில்லையாம்,” என்றேன். “இதுக்கு அடுத்ததாம்.”

“சரி,” என்றார் சின்னம்மா.

புதன்கிழமைக்கு நான் தயாராகப் போனேன். வகுப்பில் கணக்குப் பாடம் முழுவதும் இதையே யோசித்தேன். துறைமுகம் வருவதற்கு முன்பே ஒரு காரணம் சொல்லிவிட்டால் அவர் காத்திருக்க மாட்டார். நல்ல காலமாகப் படத்தில் அந்தப் பெண்ணுக்கு ஒரு தந்தி வந்தது. களவுபோன ஒரு மாலையைப் பற்றிய தந்தி. நான் அதைப் புருஷன் அனுப்பியதாக்கினேன்.

“அவர் போட்டதாம். மழையாம். வெளிக்கிட்டவராம். பஸ் இன்னும்…”

சொல் வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்குக் கேட்டது. பேய்கள் பஸ்ஸில் போவதில்லை. அந்தக் கப்பல் நிற்கும் கடலுக்கு நடுவில் பஸ்ஸும் இல்லை. வீட்டில் இருந்த ஒரே பஸ் சித்தப்பாவின் பஸ்தான்.

சின்னம்மா திரும்பி என்னைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். நான் பார்க்கவில்லை. காது இரண்டும் சுட்டது. டீவியில் அந்தச் சீமாட்டியின் நாய் கண்ணுக்குத் தெரியாத யாரையோ பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது.

“பஸ் வரேல்லையாமோ?” என்றார் சின்னம்மா, மிக மெதுவாக.

“வருமாம்.”

“ம்.”

அன்று அதோடு நிறுத்தச் சொன்னார். குசினிக்குள் போனவர் நெடுநேரம் சட்டி பானைச் சத்தம் எதுவும் இல்லாமல் இருந்தார்.

மறுநாள் காலை, பள்ளிக்கூடம் போகும் வழியில், படத்தட்டை நூலகத்தின் சுவரிலுள்ள, திருப்பிக் கொடுப்பவற்றைப் போடும் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். அது விழுந்த சத்தம் எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது. பின்னேரம் சின்னம்மாவிடம் நாள் முடிந்துவிட்டது, திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள், காலையில் கொடுத்துவிட்டேன் என்றேன். இன்னொரு பொய். முதலாவதைப் போல இதற்கு நான் தடுமாறவில்லை. பழக்கமாகிக்கொண்டு வந்தது.

சின்னம்மா எழும்பினார். கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். “சப்பாத்தைக் கழட்டாத. வா, போவம்.”

அவர் தனியாக ஒரு கடைக்குக்கூடப் போகமாட்டார். வாய் திறக்க வேண்டி வரும் என்ற பயம். அந்தச் சின்னம்மா நூலகத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நேராக மேசைக்குப் போய் நின்றார். நான்தான் பேச வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். ஏதாவது மாற்றிச் சொல்லிவிடலாம் என்று வசனத்தைத் தயார் செய்தேன்.

“மை கேர்ள், திஸ் மோர்னிங், கிவ்,” என்றார் சின்னம்மா. ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக மேசையில் வைப்பதுபோலச் சொன்னார். “ஷிப் மூவி. நொட் பினிஷ். ப்ளீஸ்.”

மேசையில் இருந்த பெண் எழுந்து, மற்றக் கிளைக்கு அனுப்ப வைத்திருந்த பெட்டிக்குள் தேடி, அதை எடுத்துக் கொடுத்தார். வீடு வரும் வழி முழுக்கச் சின்னம்மா அதைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். முகத்தில் குளிர் அடித்தது. இனி என்னால் எதையும் நிறுத்த முடியாது என்று எனக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை படத்தை முடித்தோம். பயற்றங்காய் இல்லை, தட்டு இல்லை. சின்னம்மா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசித் துறைமுகத்தில் மாலைத் திருடனைப் பிடித்துவிட்டார்கள். எல்லாரும் இறங்கினார்கள். ஏறுவதற்கு ஒருவரும் இல்லை, கப்பல் அதற்கு மேல் போவதில்லை. தளத்தில் அந்தப் பெண் மட்டும் நின்றாள். பியானோ திருத்துபவன் கீழேயிருந்து கை அசைத்து ஏதோ சொன்னான். அவளும் ஏதோ சொன்னாள். இசை வந்தது. நான் மொழிபெயர்க்கவில்லை.

“சொல்லு” என்றார் சின்னம்மா.

“அவர்…” ரிமோட்டின் பின்மூடியை நகத்தால் திறந்து திறந்து மூடினேன். “அடுத்த படத்தில வருவாராம்.”

சின்னம்மா திரையை விட்டு என் பக்கம் திரும்பினார். கோபமாக இருக்கவில்லை.

“பெயர் போடேக்கையே பாத்தனான், பிள்ளை. முதல் படத்தில அவன்ர பெயர் ரெண்டாவதா வந்தது. இதில கடைசிப் பெயர் வரைக்கும் பாத்தனான். இல்லை. எனக்கு இங்கிலீஸ் கதைக்கத்தான் வராது. எழுத்து வாசிப்பன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. “அப்ப ஏன் பாத்தனீங்கள்?”

“நீ வருவார் எண்டு சொன்னியே.” என் கையிலிருந்து ரிமோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். “நீ சொல்லச் சொல்ல, பெயர் போட மறந்துபோச்சினமோ எண்டும் நினைச்சனான். கேக்க நல்லாத்தான் இருந்தது.”

பிறகு என் முகத்தை நிமிர்த்தித் தன் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

“ஆனா நீ ஒருக்காலும் என்ர முகத்தைப் பாத்துச் சொல்லேல்லை. ரிமோட்டைப் பாத்துத்தான் சொன்னனீ. அக்காவும் உப்பிடித்தான். வருவார் எண்டு சொல்லேக்க கறிச்சட்டியைத்தான் பாக்கிறவ. அத்தான் செருப்பைப் பாப்பார்.”

அதை நான் ஒரு கண்டிப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்திலும் ஆசிரியர்கள் அதையே சொல்வார்கள்: ஆட்களோடு பேசும்போது முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். என் தவறு முகத்தைப் பார்க்காததுதான் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

ஆறரைக்கு அம்மா வந்தார். வேலைச் சப்பாத்தைக் கழற்ற முதலே சின்னம்மா குளிர்சாதனப்பெட்டிக் கதவிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். மேசையில் வைத்து நின்றபடியே ஒரு பெயரை எழுதினார். சித்தப்பாவின் ஞானஸ்நானப் பெயர், தகப்பன் பெயர், ஊர். எழுதிவிட்டுத் தாளைப் பழைய இடத்தில் ஒட்டினார். பிறகு அடுப்படிக்குப் போய் அரிசியைக் களைந்தார். அம்மா ஒரு காலில் சப்பாத்தோடு கதவடியில் நின்றார். அழுதார் என்று நினைக்கிறேன். நான் அவரைப் பார்க்கவில்லை. கதவிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னால்தான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. நான் அந்தப் படத்தைக் கொண்டுவராவிட்டால், பஸ் என்று சொல்லாவிட்டால், ஒழுங்காக முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால், சின்னம்மா அந்தப் பெயரை எழுதியிருக்க மாட்டார். உயிரோடு இருக்கிற ஒருவரை நான் செத்தவர்களின் தாளில் போட வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சுவாமி அதை வாசித்தால் அதோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு பஸ் வந்தாலும் அவரை இறங்க விடமாட்டார்கள்.

சனிக்கிழமை காலை எல்லாரும் எழும்புவதற்கு முன் தாளை எடுத்துப் பட மட்டைக்குள் மடித்து வைத்தேன். தமிழ் வகுப்புக்குப் போகும் வழியில் காரை நிறுத்தச் சொல்லி, நூலகப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தேன். அப்பா, நல்ல பழக்கம், நேரத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார்.

மத்தியானம் அம்மா தாளைத் தேடினார். காற்றுக்கு விழுந்திருக்கும் என்று குளிர்சாதனப்பெட்டிக்கு அடியில் கூட்டும் தும்புத்தடியை விட்டுக் கிளறினார். என்னைக் கேட்டார். நான் இல்லை என்றேன், முகத்தைப் பார்த்து. அம்மா நம்பினார். எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

“விடுங்கோ அக்கா,” என்றார் சின்னம்மா. “நான் எழுதுறன்.”

தன் ஆங்கில வகுப்புக் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். இம்முறை நாற்காலியை இழுத்து உட்கார்ந்து எழுதினார். அம்மப்பா, அம்மம்மா, அப்பாவின் தமையன், எல்லாப் பெயரும் அவருக்கு மனப்பாடம். கடைசிப் பெயருக்கு வந்ததும் பேனை நின்றது. முதல் நாள் நின்றபடி ஒரே மூச்சில் எழுதிய அதே பெயர். ஓர் எழுத்து எழுதி நிறுத்தினார். அடுத்த எழுத்து. குளிர்சாதனப்பெட்டி ஓடும் சத்தம் கேட்டது. எழுதி முடித்ததும் பேனையை மூடாமல் வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போனார். தண்ணீர் திறபடும் சத்தம் வந்தது. இரண்டாம் தரம் எழுத வைத்தது நான் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. சின்னம்மாவுக்கு இன்றைக்கும் தெரியாது. அவர் இப்போது ஏஜக்ஸ் நகரில் இருக்கிறார். சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போய், தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் சுவாமி பெயர்களை வாசிக்க அரை மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. அந்த வருடங்களில் எங்கள் ஆட்களின் தாள்கள் நீளமாக இருந்தன. ஒரே குடும்பப் பெயரில் ஐந்து, ஆறு பேர் ஒன்றாக வருவார்கள். நான் சின்னம்மாவின் பக்கத்தில் முழங்காலில் நின்றேன். ஒவ்வொரு பெயருக்கும் அடுத்தது அதுதான் என்று உடம்பை இறுக்கிக்கொண்டேன். எங்கள் தாள் வந்தது. அம்மப்பா. அம்மம்மா. பெரியப்பா. பிறகு சித்தப்பா, மற்ற எல்லாரையும் போல, அதே குரலில், அதே வேகத்தில். அதற்கடுத்து வேறொரு வீட்டின் பெயர்கள் தொடங்கிவிட்டன. கூரை இடியவில்லை. சின்னம்மா அழவில்லை. கண்ணை மூடி வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாதான் முன்வாங்கில் தலையைச் சாய்த்து, அப்பா முதுகைத் தடவும்வரை எழும்பாமல் இருந்தார்.

அந்தக் கிழமை நடந்ததை நான் பல தரம் திருப்பிப் பார்த்திருக்கிறேன். அந்த ஐந்து நாளும் அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். அதே முகத்தைத்தான் அவர் அதற்கு முன் ஒரு வருடத்துக்கு மேலாகப் பெரியவர்களிடம் கண்டிருந்தார். பெரியவர்கள் அதை மறைக்கத் தெரிந்தவர்கள். எனக்கு அந்தத் திறமை இருக்கவில்லை. அன்றைக்கு இதில் எதுவும் எனக்குப் பிடிபடவில்லை. நான் செய்த பிழையைத் திருத்த வேண்டும் என்பது மட்டுமே மனதில் இருந்தது.

பூசை முடிந்து வெளியே வந்தபோது அந்த வருடத்தின் முதல் பனி மெல்லியதாகத் தூறிக்கொண்டிருந்தது. அப்பா காரை எடுக்கப் போயிருந்தார். அம்மா யாரோடோ பேசிக்கொண்டு நின்றார். நான் சின்னம்மாவுக்கு முன்னால் போய் நின்று, தலையை நிமிர்த்தி, கண்ணை இமைக்காமல் அவருடைய கண்ணைப் பார்த்துச் சொன்னேன்.

“சித்தப்பா வருவார், சின்னம்மா.”

சின்னம்மா என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு குனிந்து, திறந்து கிடந்த என் ஜக்கெட்டின் சிப்பைத் தாடைவரை இழுத்துவிட்டார்.

“ஓம்” என்றார்.

இந்த முறை சரியாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு நான் காரில் ஏறினேன்.